செக்கும் கடற்கரையும்

1978ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று 'அந்தமான் காதலி' வெளியானது. முக்தா சீனிவாசன் இயக்கம், எம்.எஸ். விஸ்வநாதன் இசை, கண்ணதாசன் பாட்டு. சிவாஜி கணேசனுக்கு ஜோடி சுஜாதா. போஸ்டரைப் பார்த்த சராசரித் தமிழ் ரசிகருக்கு அந்தத் தலைப்பே கொஞ்சம் விசித்திரமாகப் பட்டிருக்கும். அந்தமான் என்றால் கைதி. அந்தமான் என்றால் விலங்கு. காதலி எங்கிருந்து வந்தாள்?

படம் அந்தமானுக்கே போய் எடுக்கப்பட்டது. நீலக்கடல், தென்னந்தோப்பு, வெள்ளை மணல், படகுகள். தமிழ் ரசிகர்களில் பெரும்பாலோர் அந்தத் தீவுகளைக் கலரில் பார்த்தது அப்போதுதான். பாட்டும் அந்தமானின் அழகைப் பாடியது. நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர் வாயில் பயமுறுத்தும் சொல்லாக இருந்த ஓர் ஊர், மூன்று மணி நேரத்தில் தேனிலவுக்குப் போகும் இடமாக மாறிவிட்டது. படம் நன்றாகவே ஓடியது.

அது சிவாஜியின் பெரிய படங்களில் ஒன்றல்ல. அவருடைய ரசிகர்களே அதை முதல் இருபதில் சேர்க்க மாட்டார்கள். ஆனாலும் அவர் எப்படிப்பட்ட நடிகர், எதற்காக உருவாக்கப்பட்டவர், எங்கே வந்து தடுமாறினார் என்பதைப் பார்க்க அந்தமானைப் போல வசதியான இடம் வேறில்லை. ஏனென்றால் அவர் நடிப்புக்கும் அந்தமானுக்கும் உள்ள தொடர்பு அந்தப் படத்துக்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டது.

தமிழ் மேடைக்கு அந்தமான் நன்றாகப் பழக்கமான ஊர். கு.சா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய 'அந்தமான் கைதி' நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் ஊர் ஊராக நடத்தினார்கள். 1952இல் அது சினிமாவாக வந்தபோது கைதி வேடம் எம்.ஜி.ஆருக்கு. நாடகத்துக்கு அந்தமான் தேவைப்படவில்லை. ஒரு படுதா, இரும்புக் கம்பி, காலில் சங்கிலி, ஒரு நல்ல தொண்டை. இவ்வளவு இருந்தால் கும்பகோணத்தில் கொட்டகை போட்டும் அந்தமானைக் கொண்டுவந்து இறக்கிவிடலாம். பார்க்க வந்தவர்களும் கடலைக் கேட்கவில்லை. கைதியின் குரலில் கடல் இருந்தால் போதும் என்று இருந்தார்கள். இடத்தை நடிகன் தன் உடம்பிலேயே சுமந்து வர வேண்டும் என்பது அந்த மேடையின் எழுதப்படாத சட்டம்.

அந்தச் சட்டத்தில் வளர்ந்தவர் விழுப்புரம் சின்னையா மன்றாயர் கணேசன். 1928 அக்டோபர் 1ஆம் தேதி பிறந்தார். அவர் பிறந்த நாளிலேயே அப்பா சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காகக் கைதாகிச் சிறைக்குப் போனார் என்று தம் சுயசரிதையில் சொல்கிறார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவே நான்கு வருஷத்துக்கு மேல் ஆயிற்றாம். ஒரு நடிகனின் வாழ்க்கை இப்படி ஆரம்பிப்பதாக எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தால், செயற்கை என்று தள்ளிவிட்டிருப்போம்.

குடும்பம் பிறகு திருச்சிக்கு வந்தது. அங்கே கட்டபொம்மன் கூத்து நடந்தபோது கூட்டத்துக்கு ஆள் குறைய, வேடிக்கை பார்த்த பையனை வெள்ளைக்காரச் சிப்பாயாக நிற்க வைத்தார்கள் என்றும், வெள்ளையன் பட்டாளத்தில் சேர்ந்ததற்காக அப்பாவிடம் அடி வாங்கினார் என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடி ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். கொஞ்ச நாளில் வீட்டைவிட்டு ஓடி, தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று பொய் சொல்லி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்துகொண்டார்.

பாய்ஸ் கம்பெனி என்பது என்ன என்று இன்றைய தலைமுறைக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம், அநாதை ஆசிரமம், பட்டாள முகாம் மூன்றையும் கலந்த ஓர் ஏற்பாடு அது. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே சாப்பிட்டு, கம்பெனி வீட்டிலேயே படுப்பார்கள். விடியலில் எழுந்து பாட்டு, வசனம், நடை. வாத்தியார் சொல்லச் சொல்லக் காதால் கேட்டே பாடம் செய்ய வேண்டும். தப்பினால் பிரம்பு. வெளியே போகக் கூடாது. நினைத்தபோது ஊருக்குப் போகவும் முடியாது. வருஷக்கணக்கில் பெற்றவர்களைப் பார்க்காத பிள்ளைகள் இருந்தார்கள். முதலில் ஸ்திரீ பார்ட். கணேசனுக்குச் சீதை வேடம். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ஸ்திரீ பார்ட் போய்விடும். பிறகு ராஜபார்ட்டாகத் தேறினால் உண்டு, இல்லையென்றால் சமையல்கட்டோ சாமான் தூக்கவோ போக வேண்டியதுதான். எத்தனையோ பையன்கள் அந்த இடத்தில் காணாமல் போனார்கள்.

இதில் ஒரு பையன் எல்லா வேடத்தையும் பாடம் செய்து வைத்திருப்பான். எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே அந்த வேடத்தைக் கட்ட வேண்டும். மைக் இல்லாத காலத்தில், அல்லது ஒரே ஒரு மைக் நடுவில் தொங்கிய காலத்தில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் வசனம் கேட்க வேண்டும். புருவம் உயர்ந்தது அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் புருவம் கொஞ்சம் அதிகமாகத்தான் உயர வேண்டும். பின்னாளில் சிவாஜியை 'மிகை நடிப்பு' என்று குறை சொன்னவர்கள் பலரும் இந்தக் கணக்கை மறந்துவிட்டார்கள். மிகை என்பது அவருக்குக் குணம் அல்ல, தூரத்தின் அளவு. நாற்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்காக அளந்து தைத்த சட்டை அது. கேமரா நான்கு அடிக்கு வந்த பிறகும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டார் என்பதுதான் பிரச்சினை.

1946இல் சி.என். அண்ணாதுரையின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்'. முதலில் எம்.ஜி.ஆர். போடுவதாக இருந்த வேடம். அவர் விலக, வி.சி. கணேசனுக்கு வந்தது. பார்த்த பெரியார் ஈ.வெ.ரா. 'சிவாஜி' கணேசன் என்று பட்டம் கொடுத்தார். ஆறு வருஷம் கழித்து 'பராசக்தி'. அதுவும் நாடகமாக ஓடிய கதை. பல ஆயிரம் அடி எடுத்த பிறகும் ஏ.வி. மெய்யப்பனுக்குப் பையன் மேல் நம்பிக்கை வரவில்லை. ஆளை மாற்றலாம் என்றார். நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் பிடிவாதமாக நின்றார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. தமிழ்நாடு முழுக்க மனப்பாடம் செய்த அந்த வசனத்தை அவர் பேசியது எங்கே? கோர்ட்டில். குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு.

அதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியவில்லை. சிவாஜியின் பெயரை நிலைக்க வைத்த காட்சிகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 'பராசக்தி'யில் கூண்டு. 'மனோகரா'வில் சங்கிலியால் கட்டப்பட்டு அரசவைக்கு இழுத்து வரப்படும் இளவரசன். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கடைசியில் கயத்தாறு விசாரணையும் தூக்கும். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் செக்கு. கட்டப்பட்ட மனிதனாக நிற்கும்போதுதான் அவர் முழு உயரத்துக்கு எழுகிறார். கை கால் கட்டுண்டவனுக்கு மிச்சம் இருப்பது முகமும் குரலும்தான். அவருடைய மூலதனமும் அவை இரண்டும்தான்.

'கட்டபொம்ம'னும் முதலில் மேடைதான். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957 முதல் நடத்தியது. நூறு தடவைக்கு மேல் நடந்த அந்த நாடகத்தின் வசூலில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களுக்கும் பொதுக் காரியங்களுக்கும் போயிற்று. 1959இல் பி.ஆர். பந்துலு படமாக எடுத்தார். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது. ஜாக்சன் துரையாக சி.ஆர். பார்த்திபன் நடித்தார். தமிழ் சினிமாவில் வெள்ளைக்காரன் பெரும்பாலும் முகத்தில் வெள்ளைப் பூச்சும், தலையில் பழுப்பு விக்கும், வாயில் அரைகுறைத் தமிழுமாக வரும் நம்மூர்க்காரர்தான். அதையும் மேடை நம்ப வைத்தது, படம் நம்ப வைத்தது.

அதே பந்துலு 1961இல் ம.பொ.சி.யின் நூலை வைத்து 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலை 7ஆம் தேதி திருநெல்வேலி கோர்ட்டில் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை தீவாந்தரம். ராஜத்துரோகத்துக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. இரண்டு ஆயுள், ஒன்று முடிந்து மற்றொன்று, ஆக நாற்பது வருஷம். அப்பீலில் அது ஆறு வருஷமாகக் குறைந்தது. கப்பல் ஓட்டிய மனிதர் கைதியாகக் கப்பல் ஏறவே இல்லை. கோவையிலும் கண்ணனூரிலும் தண்டனையை அனுபவித்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். தமிழர் மனசில் அந்தமானுக்கு மிக நெருக்கமாக நிற்கும் பெயர் வ.உ.சி.தான், ஆனால் அவர் அந்தமானைப் பார்த்ததில்லை. 'அந்தமான் கைதி'யைப் பார்த்து அழுத கூட்டமும் பார்த்ததில்லை.

ஆனாலும் செக்கு ஒன்றுதான். போர்ட் பிளேரில் 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்த செல்லுலர் சிறை, நட்சத்திரமீனைப் போல நடுவில் ஒரு கோபுரமும் அதிலிருந்து பிரியும் ஏழு கட்டடங்களுமாக இருந்தது. ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஒரு கட்டடத்தின் அறை வாசல், அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்திருக்கும். கைதி கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. அரசியல் கைதிகளையும் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். ஒரு நாளைக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். அளவு குறைந்தால் தண்டனை. இதையெல்லாம் நடத்திய ஜெயிலர் டேவிட் பாரி. கடவுள்கூடத் தன் எல்லைக்குள் வர முடியாது என்று கைதிகளிடம் பெருமையடித்தவராக அவரை அந்தச் சிறையிலிருந்து மீண்டவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

பாரி ஆங்கிலேயர் அல்ல, அயர்லாந்துக்காரர். அவருடைய சொந்த நாடே அப்போது அதே ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தது. அந்த நாட்டுக்காரர்களும் அதே ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடிமை நாட்டில் பிறந்து, எஜமான் கொடுத்த வேடத்தை எஜமானைவிடக் கச்சிதமாகக் கட்டியவர். வெள்ளைக்காரச் சிப்பாய் வேஷத்துக்கு முதுகில் அடி கொடுக்க அவருக்கு ஓர் அப்பா இல்லை போலும்.

திரும்ப 'கப்பலோட்டிய தமிழ'னுக்கு வருவோம். அந்தக் காலத்தில் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோ அரங்குக்குள்ளேயே எடுக்கப்பட்டன. சிறையும் செட்தான். சிவாஜி செக்கிழுக்கும் காட்சியில் சுவர் பொய் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் மனசுக்குத் தெரிவதில்லை. தோள் முன்னுக்குத் தள்ளி, கழுத்து நரம்பு புடைத்து, கால் வழுக்கி, வக்கீலாக வாழ்ந்த உடம்பு மாடாக மாறிக்கொண்டிருப்பதை அவர் அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறார். இங்கே மிகை என்று எவரும் சொன்னதில்லை. வெயிலும் கல்லும் வேண்டியிருக்கவில்லை. அவரே வெயிலாகவும் கல்லாகவும் ஆகிவிட்டார். வ.உ.சி.யின் மகன் படத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவை நேரில் பார்த்தது போல இருந்தது என்று சொன்னதைத் தமக்குக் கிடைத்த பெரிய விருதாகச் சிவாஜி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தில் அதற்கு இணையான இன்னொரு காட்சி உண்டு. வ.உ.சி. விடுதலையாகி வெளியே வருகிறார். கூட்டம் இல்லை, மாலை இல்லை. காத்திருப்பவர் தொழுநோயால் உருக்குலைந்த சிவா மட்டும். சிவாவாக நடித்தவர் டி.கே. சண்முகம். 'அந்தமான் கைதி'யை மேடையேற்றிய அதே சகோதரர்களில் ஒருவர். ஆறு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் சேர்ந்தவர், ஔவையார் வேடத்தால் ஔவை சண்முகம் ஆனவர். பாய்ஸ் கம்பெனியில் உருவான இரண்டு உடம்புகள் எதிரெதிரே நிற்கின்றன. தமிழ் மேடை தன் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக் கொடுத்தது என்று யாராவது கேட்டால் அந்தச் சில நிமிஷங்களைப் போட்டுக் காட்டலாம். படம் என்னவோ வசூலில் தோற்றது. தேசத் தியாகம் அன்று தியேட்டர் வாசலில் விலை போகவில்லை.

அதற்குப் பிறகு பதினேழு வருஷத்தில் சினிமா மாறிவிட்டது. கலர் வந்தது. வெளிப்புறப் படப்பிடிப்பு வந்தது. ஸ்ரீதர் 'சிவந்த மண்'ணுக்காகச் சிவாஜியை ஐரோப்பா அழைத்துப் போனார். எம்.ஜி.ஆர். 'உலகம் சுற்றும் வாலிப'னில் கிழக்காசியாவைச் சுற்றிக் காட்டினார். ஊர் காட்டுவதே படத்தின் பாதி விஷயமாயிற்று. முக்தா சீனிவாசன் அந்தமானுக்குப் போனதும், அடுத்த வருஷமே 'இமயம்' படத்துக்காகச் சிவாஜியை நேபாளத்துக்கு அழைத்துப் போனதும் இந்தக் கணக்கில்தான். 1978இல் 'பைலட் பிரேம்நாத்'துக்காக இலங்கை.

இன்னொரு பக்கம், 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே', 1978இல் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்'. இவர்களுக்கு ஊர் பின்னணிப் படுதா அல்ல. மண்ணும் மலையும் கதையில் ஒரு பாத்திரம். நடிகர் பாதி சொன்னால் மீதியை இடம் சொல்லும். கமலும் ரஜினியும் ஸ்ரீதேவியும் வசனத்தை விழுங்கி நடித்தார்கள். இந்த மகேந்திரன்தான் சிவாஜி மேடையிலும் திரையிலும் நடித்த 'தங்கப்பதக்க'த்தை எழுதியவர் என்பதை நினைத்தால், ஒரே ஆள் இரண்டு யுகத்தில் கால் வைத்திருந்தது புரியும்.

அப்படி ஒரு நேரத்தில், ஐம்பதை நெருங்கிய சிவாஜி அந்தமான் கடற்கரையில் நிற்கிறார். கதை, பிரிந்துபோன காதலையும் மகனையும் பல வருஷம் கழித்து எதிர்கொள்ளும் மனிதரைப் பற்றியது. சிறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவரும் சுஜாதாவும் எதிரெதிரே நின்று பேசும் இடங்களில் பழைய சிவாஜி இருக்கிறார். கேமரா பின்னால் போய்க் கடலையும் வானத்தையும் காட்டத் தொடங்கியதும் அவர் என்ன செய்வது என்று தெரியாதவர் போல ஆகிறார். நடை அதே நடை, கை அதே கை. ஆனால் அவர் சுமந்து வரவேண்டிய இடம் ஏற்கெனவே அங்கே விரிந்து கிடக்கிறது. பொய்ச்சுவரை நிஜமாக்கத் தெரிந்த கலைஞருக்கு நிஜக் கடல் எதிரில் வேலை இல்லாமல் போயிற்று. ரசிகர் விசில் அடித்தார், கடலும் அழகாகத்தான் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

படம் வந்த அடுத்த வருஷம், 1979 பிப்ரவரி 11ஆம் தேதி, பிரதமர் மொரார்ஜி தேசாய் செல்லுலர் சிறையைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். அதற்குள் ஏழு கட்டடங்களில் நான்கு போய்விட்டிருந்தன. 1941இன் பூகம்பத்தில் கொஞ்சம், 1942 முதல் 1945 வரை தீவைப் பிடித்திருந்த ஜப்பானியர் கையில் கொஞ்சம், இடித்த இடத்தில் எழுந்த கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம். தமிழ் ரசிகர் அந்தமானை அழகான ஊர் என்று தெரிந்துகொண்டது முதலிலும், சிறை நினைவிடமானது பிறகும் நடந்தது ஒரு வேடிக்கைதான். நிஜத்தில் அந்தமான் அப்போதே தமிழர் வாழும் ஊரும்கூட. கூலிக்கும் வியாபாரத்துக்கும் சர்க்கார் வேலைக்கும் போனவர்கள், நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கை மலையகத் தமிழர்கள். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. அங்கே வெற்றிமலை முருகன் பங்குனி உத்திரம் கொண்டாடுகிறார். இவர்கள் கதையை மேடையும் எடுக்கவில்லை, சினிமாவும் எடுக்கவில்லை. கைதியும் காதலியும் மட்டும்தான் கிடைத்தார்கள்.

சிவாஜிக்கு அந்தமானில் கிடைக்காதது ஏழு வருஷம் கழித்து ஓர் ஆற்றங்கரையில் கிடைத்தது. 1985 ஆகஸ்ட் 15, பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'. விக் இல்லை, மேக்கப் இல்லை என்று சொல்லும் அளவுக்கு எளிய தோற்றம். மலைச்சாமி என்ற ஊர்ப் பெரிய மனிதர். வீட்டில் நிம்மதி இல்லை, வெளியே சொல்ல முடியாத ஒரு பாசம். முப்பது வருஷமாக நாற்பது அடிக்கு அளந்து வைத்திருந்த புருவத்தை அந்தப் படத்தில் அவர் நான்கு அடிக்குக் கொண்டுவந்தார். ஆற்றையும் மரத்தையும் பேசவிட்டு, தான் சும்மா இருந்தார். சும்மா இருப்பதும் பாய்ஸ் கம்பெனிப் பாடத்தில் இருந்ததுதான். அடுத்தவன் வசனம் பேசும்போது அசையாமல் நிற்பது எப்படி என்று பிரம்பால் அடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்க ஒரு டைரக்டர் வரத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று. 1992இல் 'தேவர் மகன்' பெரிய தேவர் அதன் தொடர்ச்சி. சாப்பிட்டுக்கொண்டோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோ மகனோடு பேசுகிறார், அவ்வளவுதான். சிறந்த நடிகருக்கான தேசிய விருதைக் கடைசிவரை தில்லி அவருக்குக் கொடுக்கவில்லை. பிரான்ஸ் 1995இல் செவாலியே கொடுத்தது. 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அதற்குப் பின்னால் வந்தது.

அந்த 1996இல்தான் அந்தமான் மறுபடி தமிழ்த் திரைக்கு வந்தது. பிரியதர்ஷன் மலையாளத்தில் எடுத்த 'காலாபானி', தமிழில் 'சிறைச்சாலை'. மோகன்லால், தபு, அம்ரீஷ் பூரி. இளையராஜா இசை. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவுக்கும் சாபு சிரிலின் கலைக்கும் தேசிய விருது. இப்போது ஜெயிலர் பாரி பவுடர் பூசிய நம்மூர்க்காரர் அல்ல. அலெக்ஸ் டிரேப்பர் என்ற அமெரிக்க நடிகர். அயர்லாந்துக்காரர் வேடத்துக்கு அமெரிக்கர் என்பதும் ஒருவகை ஒப்பனைதான், ஆனாலும் அந்தச் சிரிப்பில் ஈரம் இல்லாததைப் பார்த்தால் பாரி இப்படித்தான் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது.

அந்தப் படத்தில் முகுந்தன் என்ற கைதியாக வருபவர் பிரபு. சிவாஜியின் மகன். 1982இல் அப்பாவோடு அவர் அறிமுகமான முதல் படத்தின் பெயர் 'சங்கிலி'. பதினான்கு வருஷம் கழித்து நிஜமாகவே சங்கிலி கட்டினார். அவர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர் அல்ல, பெங்களூரில் படித்தவர். குரலை உயர்த்தாமல், தோளைத் தொங்கவிட்டு, பார்வையாலேயே அந்தக் கைதியைச் செய்கிறார். அப்பா ஸ்டூடியோவின் பொய்ச்சுவருக்குள் இழுத்த செக்கை எட்டிப் பிடிக்கும் முயற்சியே அதில் இல்லை. சுற்றிலும் அந்தமான் இருந்தது, அதை அதன் போக்கில் விட்டுவிட்டார். 'அந்தமான் காதலி' எடுத்தபோது சிவாஜிக்கு இருந்த வயதைவிடப் பிரபுவுக்கு அப்போது பத்து வயதுக்கு மேல் குறைவு.